லாரியின் இ.சி.எம். உண்மையிலேயே பழுதா? சோதித்து அறிவதும் முறையாக மாற்றுவதும்

கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் நெடுஞ்சாலை ஓரப் பட்டறைகளுக்குக் கட்டி இழுத்து வரப்படும் புதிய லாரிகள் பலவற்றுக்கு, கேபினைச் சாய்ப்பதற்கு முன்பே ‘இ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது’ என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. சில நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பல பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி லட்சத்தையும் தாண்டக்கூடிய அந்தப் பெட்டியை, ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டால் விற்றவர் பொதுவாகத் திரும்பப் பெறுவதில்லை என்பதால், ஊகத்தின் பேரில் மாற்றிப் பார்க்கும் வழக்கம் இதற்குப் பொருந்தாது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம், எர்த், சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட், மற்றப் பெட்டிகளோடு பேசும் கேன் லைன் ஆகியவை சரியாக இருக்கின்றன என்று அளந்து நிரூபித்த பிறகே இ.சி.எம்.மின் மீது கை வைக்க வேண்டும். பழைய பெட்டியைக் கெடுத்தது எது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் பொருத்தவும் கூடாது.

இந்தியா முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.4 புகை மாசு விதிகளும், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகளும் நடைமுறைக்கு வந்த பின் விற்பனையான டீசல் லாரிகளையே இங்கே கருத்தில் கொள்கிறோம். இவற்றில் டீசல் எந்த நொடியில், எவ்வளவு, எந்த அழுத்தத்தில் சிலிண்டருக்குள் பாய வேண்டும் என்பதை இ.சி.எம். முடிவு செய்கிறது, புகைக் குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், புகையின் நச்சைக் குறைக்கும் யூரியா தெளிப்பு, பி.எஸ்.6 வண்டிகளில் சைலன்சருக்குள் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியைச் சுத்தம் செய்தல் ஆகியவையும் அதன் பொறுப்பில் வருகின்றன. கீழே சொல்லப்படும் பேட்டரி அளவுகள் எல்லாம் 24 வோல்ட் லாரிகளுக்கானவை. 12 வோல்ட் சிறிய சரக்கு வண்டிகளுக்கு அவற்றைப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்

தேசிய நெடுஞ்சாலை 44-இல் தருமபுரியைத் தாண்டிச் சேலம் நோக்கி இறங்கும், விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாயைப் பற்றி இப்பகுதி ஓட்டுநர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இ.சி.எம். சந்தேகத்துக்கும் அந்த இறக்கத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் இன்ஜின் தானாக அணைந்தால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். கம்ப்ரசர் நின்றுவிடுவதால் பிரேக்குக்கான காற்று மேற்கொண்டு ஏறாது. எக்ஸாஸ்ட் பிரேக்கும் கைகொடுக்காது. ஆகவே இன்ஜின் விட்டுவிட்டு அணையும், அல்லது பிக்கப் இல்லாமல் லிம்ப் மோடில் (பழுது கண்டு இ.சி.எம். சக்தியைக் குறைத்த நிலையில்) போகும் லாரியை ‘எப்படியாவது சேலம் வரை கொண்டுபோய்விடலாம்’ என்று தொப்பூரில் இறக்கக் கூடாது. தருமபுரிக்கு முன்போ தருமபுரியிலேயோ சமதளத்தில் நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.

ஓட்டுநரிடம் கேட்க வேண்டியவை

கடைசியாக இந்த வண்டியில் என்ன வேலை நடந்தது என்ற ஒரு கேள்வி, பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைவிட விரைவாகப் பதில் தருவதுண்டு. பாடியிலோ சேஸியிலோ வெல்டிங் வைத்தார்களா, இன்ஜின் மீது வேகமான நீரைப் பாய்ச்சி வாட்டர் சர்வீஸ் செய்தார்களா, பேட்டரி இறங்கிப்போய் வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தார்களா, புதிதாக ஜி.பி.எஸ். கருவியோ கூடுதல் விளக்கோ பாட்டுப் பெட்டியோ மாட்டினார்களா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘ஒன்றும் செய்யவில்லை’ என்பதே முதல் பதிலாக வரும். பெயர் சொல்லிக் கேட்டால்தான் நினைவு வரும்.

பழுது எப்போது தோன்றுகிறது என்பதும் முக்கியம். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது அணைந்தால் கப்ளரோ (வயர்களை இணைக்கும் செருகி) எர்த்தோ தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரை முதலில் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் சாலிடர் விரிசல் விட்டிருந்தாலும் இதே குறி தோன்றும் என்றாலும், சென்சார் அதைவிட மலிவானது, எளிதில் சோதிக்கக்கூடியது.

சாவியைத் திருப்பியதும் தெரியும் குறிகள்

சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் மீட்டரில் இன்ஜின் செக் விளக்கு எரிகிறதா என்று கவனிக்க வேண்டும். எரியவே இல்லை என்றால் இ.சி.எம்.முக்கு மின்சாரமே வரவில்லை, அல்லது அது மீட்டரோடு பேசவில்லை. பிறகு ஸ்கேனரை மாட்டிப் பார்க்கலாம். பிரேக்கின் ஏ.பி.எஸ்., மீட்டர் போன்ற மற்றப் பெட்டிகள் ஸ்கேனரோடு பேசி, இன்ஜின் மட்டும் பேசாவிட்டால் பழுது இ.சி.எம். பக்கம் இருக்கிறது, அது பெட்டியாகவும் இருக்கலாம், அதற்குப் போகும் வயராகவும் இருக்கலாம். எதுவுமே பேசாவிட்டால் முதலில் சாக்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். 16 பின் சாக்கெட்டில் 16-ஆம் பின்னில் பேட்டரி மின்சாரமும், 4, 5-ஆம் பின்களில் எர்த்தும் இருக்க வேண்டும். அதன் ஃபியூஸ் போயிருந்தால் ஸ்கேனரே உயிர் பெறாது.

ஸ்கேனர் பேசுகிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் செல்ஃப் அடித்துக்கொண்டே (ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே) இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். முதலாவது இன்ஜின் ஆர்.பி.எம். இன்ஜின் சுற்றும்போதும் அது பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சார், அதன் வயர், அல்லது ஃபிளைவீல் பக்கத்துப் பல்சக்கரத்தோடு அதற்குள்ள இடைவெளி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டாவது ரெயில் அழுத்தம், அதாவது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் பொதுவான குழாயில் உள்ள அழுத்தம். ஆர்.பி.எம். காட்டியும் அழுத்தம் ஏறாமல் கிடந்தால் (பொதுவாக 200 பார் அளவையாவது எட்டினால்தான் இன்ஜெக்டர் திறக்க அனுமதி கிடைக்கும்) டீசல் ஃபில்டர், ஏர் லாக், பம்ப், கசியும் இன்ஜெக்டர் என்று டீசல் பக்கம் திரும்ப வேண்டும். இந்த இரண்டு எண்களைப் பார்க்காமல் இ.சி.எம்.மைக் குறை சொல்பவரிடம் வண்டியை விடாமல் இருப்பது நல்லது.

மின்சாரமும் எர்த்தும்

இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். முழு சார்ஜில், ஓய்வில் இருக்கும் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இரண்டும் சேர்ந்து 25.2. பாட்டுப் பெட்டிக்காகவோ செல்போன் சார்ஜருக்காகவோ ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருந்தால் அந்த ஒன்று மட்டும் இறங்கி, மற்றொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஆகி, இரண்டுமே கெட்டுப்போகும். மொத்த அளவை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. செல்ஃப் அடிக்கும்போது மொத்த வோல்டேஜ் 18-க்குக் கீழே போகக் கூடாது. அதற்கும் வெகுவாகக் கீழே இறங்கினால் இ.சி.எம். தானாக அணைந்து மறுபடி விழிக்கக்கூடும். இன்ஜின் சுற்றும், ஆனால் பற்றாது. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 27.5 முதல் 28.5 வோல்ட் வரை தர வேண்டும். 30-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் புது இ.சி.எம். பொருத்துவது பணத்தை எரிப்பதற்குச் சமம்.

அடுத்து இ.சி.எம்.மின் கப்ளருக்கு வர வேண்டும். எந்தப் பின் எதற்கு என்பதை அந்த மாடலுக்குரிய வயரிங் படத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்; வயரின் நிறத்தை வைத்து ஊகிப்பது ஆபத்து, ஏனெனில் ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த மாடல்களிலேயே இவை மாறுகின்றன. பேட்டரியிலிருந்து நிரந்தரமாக வரும் பின்கள், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பின், மெயின் ரிலே வழியாக வரும் பின்கள், எர்த் பின்கள் என்று பலவும் இருக்கும். ஒன்றில் மின்சாரம் இருப்பதால் எல்லாவற்றிலும் இருக்கிறது என்று கொள்ளக் கூடாது.

இங்கேதான் பெரும்பாலான தவறான தீர்ப்புகள் பிறக்கின்றன. கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 24 வோல்ட் காட்டுகிறது. உடனே ‘சப்ளை நன்றாக இருக்கிறது’ என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். மூடிய குழாயில் நீர் அழுத்தம் இருப்பதும் திறந்துவிட்டால் வேகமாகப் பாய்வதும் எப்படி வேறு வேறோ, அப்படியே மீட்டர் காட்டும் வோல்டேஜும் சுமை தாங்கும் மின்சாரமும். பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் வயரும் மீட்டரில் 24 வோல்ட் காட்டும். எனவே அந்த சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே 24 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இணைத்துப் பார்க்க வேண்டும். அது ஏறக்குறைய ஓர் ஆம்பியர் இழுக்கும். 70 வாட் ஹெட்லைட் பல்பு என்றால் 3 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மெயின் ரிலே வழியாக வரும் சப்ளைக்கு அதையே பயன்படுத்துகிறேன். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வோல்டேஜ் பேட்டரி வோல்டேஜோடு ஏறக்குறைய ஒத்திருந்தால்தான் சப்ளை நல்லது. மங்கலாக எரிந்தால் ஃபியூஸ் தாங்கி, ரிலே, இடையில் உள்ள ஜாயிண்ட், சேஸி எர்த் போல்ட் என்று பின்னோக்கித் தேடிச் செல்ல வேண்டும்.

எர்த்தைச் சோதிக்க இன்னொரு வழி, வோல்டேஜ் இழப்பை அளப்பது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றொன்றை இ.சி.எம். எர்த் பின்னின் பின்புறத்திலும் வைத்து, கப்ளர் மாட்டியிருக்கும் நிலையிலேயே செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். கால் வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் போனால் எர்த் வயர் முடியும் இடத்தைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்க வேண்டும். பர்கூர் பக்கம் கிரானைட் கல் ஏற்றும் வண்டிகளில் இந்த போல்ட்டுகளின் மீது கல் தூசியும் ஈரமும் சேர்ந்து இறுகிக் கிடப்பதால், வெளிப்பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் கழற்றிப் பார்ப்பதே சரி.

ஒரு எச்சரிக்கை: மீட்டரின் கூரிய முனையைக் கப்ளரின் பின் துளைக்குள் திணிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய தகடு விரிந்துவிட்டால் பிறகு அது பின்னைப் பிடிக்காது; இல்லாத பழுதைத் தேடி வந்து புதிய பழுதை உண்டாக்கியதாகும். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை வயரோடு ஒட்டி விட்டு அளப்பதோ, அதே அளவுள்ள உதிரிப் பின்னை வயரில் பொருத்திப் பயன்படுத்துவதோ பாதுகாப்பானது.

சென்சார்களின் 5 வோல்ட்

ரெயில் அழுத்தம், பூஸ்ட் அழுத்தம் (டர்போ தரும் காற்றழுத்தம்), ஆக்சிலரேட்டர் பெடல் போன்ற பல சென்சார்களுக்கு இ.சி.எம். உள்ளிருந்தே 5 வோல்ட் தருகிறது. சில சென்சார்கள் ஒரே 5 வோல்ட் லைனைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும், அதன் வயர் இன்ஜினில் உரசித் தோல் போனாலும் அந்த லைன் முழுவதும் விழுந்துவிடும். ஸ்கேனரில் ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத பல சென்சார்களின் பழுதுகள் தோன்றினால் இதுவே முதல் சந்தேகம். பி 0641, பி 0651 ஆகிய குறியீடுகள் இந்த லைன்களைத்தான் சுட்டுகின்றன. இப்படிப் பத்துப் பழுதுகள் ஒன்றாக வருவதைப் பார்த்துத்தான் ‘பெட்டியே போய்விட்டது’ என்று பலர் முடிவு கட்டுகிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. சாவி ஆன் நிலையில் ஒரு சென்சாரின் கப்ளரில் 5 வோல்ட்டை அளந்துகொண்டே, அதே லைனில் உள்ள மற்ற சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அந்தச் சென்சார் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் வரவில்லை என்றால், சாவியை அணைத்து, பேட்டரியைத் துண்டித்து, இ.சி.எம். கப்ளரையும் கழற்றி, அந்த 5 வோல்ட் வயருக்கும் எர்த்துக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். வயரில் ஷார்ட் இல்லை, முன்பு சோதித்தபடி சப்ளையும் எர்த்தும் நன்றாக இருக்கின்றன, ஆனாலும் 5 வோல்ட் வரவில்லை என்றால் மட்டுமே பெட்டியின் உள்ளே பழுது என்று சொல்ல முடியும்.

கேன் லைன்

கேன் லைன் என்பது முறுக்கிய இரண்டு வயர்கள். இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைத் துண்டித்த நிலையில் இரண்டு வயர்களுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை துண்டாகியிருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் இரு வயர்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. 40 வந்தால் யாரோ கூடுதலாக ஒரு மின்தடையைச் சேர்த்திருக்கிறார்கள். 16 பின் சாக்கெட்டில் இது 6-ஆம், 14-ஆம் பின்கள். ஆனால் இடையில் லைன்களைப் பிரித்து இணைக்கும் கேட்வே பெட்டி உள்ள வண்டிகளில் சாக்கெட்டில் அளப்பது இன்ஜின் பக்கத்து லைனைக் காட்டாது என்பதால் இ.சி.எம். கப்ளரிலேயே அளக்க வேண்டியிருக்கும். சில லாரிகளில் அந்த 120 ஓம் ஒன்று இ.சி.எம்.முக்குள்ளேயே இருப்பதால், கப்ளரைக் கழற்றியதும் 120 காட்டுவது பழுதல்ல. சாவி ஆன் நிலையில் இரு வயர்களும் எர்த்துக்கு 2.5 வோல்ட்டை ஒட்டி, ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழும் காட்டும்.

பழுதுக் குறியீடுகளைப் படிப்பது

குறியீடுகளை அழிப்பதற்கு முன் அனைத்தையும் படம் எடுத்து வைக்க வேண்டும். அழித்துவிட்டுத் தேடுவது, போலீஸ் வருவதற்கு முன் வீட்டைக் கழுவிவிடுகிற வேலை. லாரிகளில் பெரும்பாலும் எஸ்.பி.என். எண்ணும் எஃப்.எம்.ஐ. எண்ணும் சேர்ந்து வரும்; முதலாவது எந்தப் பாகம் என்பதையும், இரண்டாவது என்ன வகைப் பழுது என்பதையும் சொல்லும். எஃப்.எம்.ஐ. 3 என்றால் வோல்டேஜ் மிகுதி, 4 என்றால் குறைவு, 5 என்றால் சுற்று அறுந்திருக்கிறது. இவை மூன்றும் பெரும்பாலும் வயரையும் கப்ளரையும் காட்டுபவை. எஃப்.எம்.ஐ. 12 என்பது பெட்டியையே குறை சொல்வது. எஸ்.பி.என். 629-உடன் எஃப்.எம்.ஐ. 12 வந்தாலோ, பி 0601, பி 0604, பி 0605, பி 0606 ஆகியவற்றில் ஒன்று வந்தாலோ இ.சி.எம். தன் நினைவகத்திலோ செயலியிலோ பிழை கண்டிருக்கிறது. அப்போதும் அவசரப்படக் கூடாது. வோல்டேஜ் விழுந்த நேரத்தில் இவை பொய்யாகப் பதிவாகக்கூடும். பேட்டரியைச் சரிசெய்து, குறியீட்டை அழித்து, சாவியைச் சிலமுறை ஆன்-ஆஃப் செய்து, உடனே திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்டியைக் கெடுத்தது எது

சோதனைகள் அனைத்தும் இ.சி.எம்.மையே காட்டினாலும், புதியதை வாங்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். முதலில் பார்க்க வேண்டியவை இன்ஜெக்டர்கள். இவற்றைத் திறக்க இ.சி.எம். பேட்டரி அளவைவிடப் பல மடங்கு உயர்ந்த வோல்டேஜை உள்ளே உருவாக்கி அனுப்புகிறது; ஆகவே இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் வயரைத் தொடக் கூடாது. ஓர் இன்ஜெக்டரின் காயில் உடலோடு ஒட்டிப்போனால் பெட்டிக்குள் இன்ஜெக்டருக்கு மின்சாரம் அனுப்பும் டிரைவர் பகுதி எரியக்கூடும். அதே இன்ஜெக்டரோடு புது இ.சி.எம். பொருத்தினால், முதல் ஸ்டார்ட்டிலேயே அதுவும் போகலாம். காயில் மின்தடை பொதுவாக ஓர் ஓம்முக்கும் குறைவு. இன்ஜெக்டர்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது. காயிலுக்கும் இன்ஜினுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. மற்ற காயில் உள்ள பாகங்களையும் இவ்வாறே பார்க்க வேண்டும்.

அடுத்தது வெல்டிங். கல் ஏற்றும் டிப்பர்களின் பாடியிலும் சேஸியிலும் விரிசல் விடுவதும், அதை நின்ற இடத்திலேயே ஒட்டுவதும் இந்த மாவட்டத்தில் அன்றாட நிகழ்ச்சி. வெல்டிங் எர்த் கேபிளைச் சேஸியின் ஒரு கோடியில் மாட்டி மறுகோடியில் ஒட்டினால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் போகும் வழியில் இ.சி.எம். எர்த்தும் அகப்பட்டுக்கொள்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, இ.சி.எம். கப்ளர்களையும் உருவிவிட்டு, வெல்டிங் எர்த்தை ஒட்டும் இடத்துக்கு மிக அருகில் வைப்பதே முறை. பேட்டரியின் கட்-ஆஃப் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. சில வண்டிகளில் இ.சி.எம்.முக்கு அந்தச் சுவிட்சைத் தாண்டி நேரடி வயர் உண்டு.

தண்ணீர் இன்னொரு காரணம். வாட்டர் சர்வீஸில் கப்ளருக்குள் புகுந்த நீர் பின்களில் பச்சை படிய வைக்கும். தோல் உரிந்த வயர் வழியாக நீரும், உள் சீல் போன சென்சார் வழியாக இன்ஜின் ஆயிலும் வயரின் இழைகளுக்குள்ளேயே ஊர்ந்து பெட்டி வரை வந்துவிடும். கப்ளரைக் கழற்றும்போது பின்களில் ஆயில் பளபளப்பு தெரிந்தால் அது எந்தச் சென்சாரிலிருந்து வந்தது என்று தேட வேண்டும். மாங்கூழ் ஆலைகளின் முன் லோடுக்காக நாள்கணக்கில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயர்களையும், ஜி.பி.எஸ். மாட்டியவர் இ.சி.எம். சப்ளை வயரையே சீவி இணைத்த ஜாயிண்ட்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியென்றால் பெட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது. நேராக அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸுக்குப் போக வேண்டும். உத்தரவாதம் முடிந்த பி.எஸ்.4 வண்டியில் சப்ளை பகுதியோ ஓர் இன்ஜெக்டர் டிரைவரோ மட்டும் எரிந்திருந்தால், அனுபவமுள்ள பெட்டி பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது நியாயமான சிக்கனம். செயலியோ நினைவகமோ போனதைச் சரிசெய்து தருவதாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை; மேசை மீது இயங்கும் பெட்டி, சூட்டிலும் குலுக்கலிலும் நடுவழியில் நின்றுவிடும். பழைய வண்டியிலிருந்து எடுத்த பெட்டி வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருந்தாலும் பாக எண், மென்பொருள் எண், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) ஆகியவை ஒத்துவராவிட்டால் பழைய இரும்புக்கு ஒப்பானது.

புதியதை வாங்கும் முன், பழைய பெட்டி ஸ்கேனரோடு பேசும் நிலையில் இருந்தால் அதிலிருந்து எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிட வேண்டும்: சேஸி எண், பெட்டியின் பாக எண், மென்பொருள் எண்கள், இன்ஜெக்டர் குறியீடுகள் (ஒவ்வொரு இன்ஜெக்டரின் நுண் அளவு வேறுபாட்டைச் சொல்பவை), ஓடிய கிலோமீட்டரும் இன்ஜின் மணிகளும், டயர் அளவு, பின் ஆக்சில் விகிதம், டிப்பராக இருந்தால் பி.டி.ஓ. (பாடியைத் தூக்க இன்ஜின் சக்தியை எடுக்கும் பாகம்) அமைப்புகள், பி.எஸ்.6 வண்டியில் டி.பி.எஃப். சாம்பல் அளவு. பெட்டி பேசவில்லை என்றால் இன்ஜெக்டர் குறியீடுகளை ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருப்பதைப் பார்த்து, எந்த சிலிண்டருக்கு எது என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

கழற்றுவதும் பொருத்துவதும்

சாவியை அணைத்தவுடன் பேட்டரியைத் துண்டிக்கக் கூடாது. சாவி அணைந்த பின்னும் இ.சி.எம். சிறிது நேரம் விழித்திருந்து தன் பதிவுகளை எழுதி முடிக்கும். யூரியா பம்பும் குழாயில் நிற்கும் யூரியாவைத் தொட்டிக்குத் திரும்ப இழுக்கும். அந்த ஓசை அடங்கும் வரை, சில நிமிடங்கள் காத்திருந்து, பிறகு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும்.

பெட்டியைச் சுற்றியுள்ள தூசியைக் காற்றடித்து அகற்றிய பின்பே கப்ளரின் பூட்டு நெம்புகோலைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் கல் தூசி நேராகப் பின்களின் மேல் விழும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. புதுப் பெட்டியின் உறையைப் பிரிக்கும் முன் சேஸியின் வெற்று இரும்பை ஒருமுறை தொட்டு, உடலில் தேங்கிய நிலை மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். பின்களை விரலால் தொடவே கூடாது. கப்ளர் பின்களில் பச்சை இருந்தால் கான்டாக்ட் கிளீனர் தெளிக்கலாம். உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும், அது இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களையும், பெட்டியின் உடலுக்கான எர்த் பட்டையையும் விட்டுவிடாமல் பழையபடி வைத்து, போல்ட்டுகளைக் கையாலேயே நிறுவனம் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். காற்றழுத்தத்தில் இறுக்கும் துப்பாக்கி இங்கே வேண்டாம். கப்ளருக்கு வரும் வயர் கற்றை, கப்ளருக்குக் கீழே சற்றுத் தொங்கி மேலேறும்படி இருந்தால் மழைநீர் அதன் வழியே உள்ளே இறங்காமல் கீழே சொட்டிவிடும்.

மென்பொருள் ஏற்றுதல்

புதுப் பெட்டி பெரும்பாலும் வெறுமையாகவே வரும். அந்தச் சேஸி எண்ணுக்குரிய மென்பொருளை நிறுவனத்தின் கருவி கொண்டே ஏற்ற வேண்டும். ஏற்றும் நேரம் முழுவதும் வோல்டேஜ் நிலையாக இருக்க வேண்டும் என்பதால், விளக்கு, ஏ.சி., ஃபேன் அனைத்தையும் அணைத்து, நிலையான மின்சாரம் தரும் சப்ளை கருவியைப் பேட்டரியோடு இணைக்க வேண்டும். சாதாரண வேக சார்ஜரின் அலைபாயும் மின்சாரம் இதற்கு உதவாது. மடிக்கணினி நடுவில் உறங்கிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பாதியில் நின்ற ஏற்றம் புதுப் பெட்டியைப் பயனற்றதாக்கிவிடக்கூடும்.

பிறகு சேஸி எண், இம்மொபிலைசர் இணைப்பு, இன்ஜெக்டர் குறியீடுகள் ஆகியவற்றைப் பதிய வேண்டும். குறியீடுகள் பதியாமல் விட்டாலும் வண்டி ஓடும். ஆனால் ஐடிலில் குலுக்கல், புகை, டீசல் செலவு என்று பின்னால் தெரியும். டி.பி.எஃப். சாம்பல் அளவைப் பூஜ்யமாகவே விட்டுவிட்டால், ஏற்கெனவே பாதி நிறைந்த வடிகட்டியைப் புதியது என்று பெட்டி நம்பிக்கொள்ளும். வேக வரம்பையும் சரிபார்க்க வேண்டும்: சரக்கு வண்டிகளுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர், டிப்பருக்கும் டேங்கருக்கும் 60. இந்தச் சமயத்தில் ‘யூரியாவையும் டி.பி.எஃப்.பையும் மென்பொருளிலேயே எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொல்லக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்துக்கு எதிரானது என்பதோடு, அப்படி மாற்றிய கோப்பு உள்ள பெட்டியில் அடுத்து எந்தப் பழுது வந்தாலும் அதன் குறியீடுகளை நம்பிச் சோதிக்க முடியாது.

ஓட்டிப் பார்த்தல்

ஸ்டார்ட் செய்வதற்கு முன், இன்ஜின் குளிர்ந்த நிலையில், சாவியை ஆன் செய்து அளவுகளைப் பார்க்க வேண்டும். கூலன்ட், டீசல், உள்வரும் காற்று ஆகியவற்றின் வெப்பநிலைகள் ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும். ரெயில் அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். பூஸ்ட் சென்சார் அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்துக்குச் சுமார் 500 மீட்டர் உயரத்தில் உள்ள கிருஷ்ணகிரியில் இது 95 கிலோபாஸ்கல் அளவிலும், இன்னும் உயரமான ஓசூரில் 91 அளவிலும் இருக்கும். 100 என்று சென்னைக்குரிய அளவை எதிர்பார்த்து, நல்ல சென்சாரை மாற்றிவிட வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகி, ஐடிலில் சூடேறிய பின் ஆக்சிலரேட்டர் பெடல், ஃபேன், எக்ஸாஸ்ட் பிரேக் ஆகியவற்றைச் சமதளத்தில் சோதித்துவிட்டு, லோடோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் வரை ஏறும் சாலை இதற்கு ஏற்றது. இன்ஜின் நீண்ட நேரம் முழுச் சுமையில் உழைப்பதால் ரெயில் அழுத்தமும் பூஸ்ட்டும் கேட்ட அளவை எட்டுகின்றனவா என்று ஸ்கேனரில் தொடர்ந்து பார்க்கலாம். திரும்பி வந்ததும் மறுபடி குறியீடுகளைப் படிக்க வேண்டும். புதிதாக எதுவும் பதியாமல், எக்ஸாஸ்ட் பிரேக்கும் ஒழுங்காகப் பிடித்தால்தான் வண்டியைத் தொப்பூர் பக்கம் அனுப்பலாம்.

சில நாள் ஓடிய பின் எர்த் போல்ட்டையும் கப்ளர் பூட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, படம் எடுத்து வைத்த பழைய குறியீடுகள், அளந்த அளவுகள், புதுப் பெட்டியின் பாக எண், மென்பொருள் எண், வாங்கிய ரசீது ஆகியவற்றை ஆர்.சி. புத்தக நகலோடு ஒரே கோப்பில் போட்டு ஓனரிடம் கொடுக்க வேண்டும். உத்தரவாதம் கேட்கப் போகும்போது முதலில் கேட்கப்படுபவை அவைதான்.